தேய்ந்தது தோலா, சாயமா? கார் இருக்கைகளைத் துப்புரவு செய்தலும் செப்பனிடுதலும்

வீட்டில் நாற்காலியின் கால் ஆடினால் உடனே ஆணி அடித்துச் சரிசெய்கிறோம். குடைக்கம்பி ஒடிந்தால் பழுது பார்ப்பவரைத் தேடுகிறோம். ஆனால் காரின் தோல் இருக்கை தேய்ந்து வெளிறிப் போனால் மட்டும், பெரும்பாலோர் செய்வது இரண்டே காரியங்கள்தாம். ஒன்று, இருக்கிறபடி இருக்கட்டும் என்று விட்டுவிடுவது. மற்றொன்று, மேலே ஓர் உறையை மாட்டி மூடிவிடுவது. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. செலவு குறைந்த வழி. பொறுமையைக் கேட்கும் வழி. அதனை நாங்கள் பிழை செய்து கற்றோம். வாசகக் குடும்பங்களுக்கும் அது பயன்படக்கூடும் என்பதால் இங்கே விரித்துரைக்க விழைகிறோம்.

எங்கள் பிழை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இல்லத்துக்குப் பழைய கார் ஒன்று வந்து சேர்ந்தது. முதுமையுற்ற எங்கள் தாயாரை மாதந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தமையால், கையிருப்புக்குத் தக்கவாறு, ஏற்கெனவே ஒருவர் பத்தாண்டுகள் ஓட்டிய வண்டியையே வாங்கினோம். எந்திரம் நன்றாக இருந்தது. வெண்ணெய் நிறத்துத் தோல் இருக்கைகள்தாம் களையிழந்திருந்தன. ஓட்டுநர் இருக்கையின் வலப்புற விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு நிறம் போய்ச் சாம்பல் பூத்திருந்தது. தலை சாய்க்கும் பகுதிகள் தலை எண்ணெயால் கறுத்திருந்தன.

செருப்புக்கு எண்ணெய் தடவிப் பழகிய கைகள் அல்லவா! தோல் என்றால் எண்ணெய் குடிக்கும் என்று எண்ணி, ஞாயிறுதோறும் தேங்காய் எண்ணெயைத் துணியில் தோய்த்து எல்லா இருக்கைகளையும் தேய்த்தோம். முதல் நாள் பளபளத்தது. மூன்றாம் நாள் பிசுபிசுத்தது. ஒரு மாதத்தில் தெருத் தூசி முழுவதும் அதில் ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் மருத்துவமனையில், எங்கள் தாயார் வரிசையில் அமராமல் சுவரோரம் சாய்ந்து நின்றபடியே காத்திருந்தார். ஏன் என்று கேட்டோம். “ஒன்றுமில்லை, வண்டியில் உட்கார்ந்துதானே வந்தேன்” என்றார். சற்று நேரம் கழித்தே கவனித்தோம்: அவருடைய வெள்ளைச் சேலையின் பின்புறம் முழுவதும் பழுப்புக் கறை. பிறர் பார்ப்பார்களே என்று, முழங்கால் வலியோடு அவர் நின்றுகொண்டிருந்தார். அன்று எங்களுக்கு உண்டான வருத்தம் சொல்லுந்தரமன்று.

மறுநாளே ஒரு கடையை நாடினோம். எல்லா இருக்கைகளுக்கும் புதிய ரெக்சின் உறை தைத்து மாட்டிவிடலாம் என்றார்கள். கேட்ட தொகை எங்கள் சக்திக்கு மீறியது. பின்னர், கார் இருக்கை தைப்பதிலேயே ஆயுளைக் கழித்த பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் காட்டினோம். அவர் ஈரத்துணியால் ஓரிடத்தைத் துடைத்தார். நகத்தால் மெல்லச் சுரண்டினார். விரலால் அழுத்திப் பார்த்தார்.

“சார், தேஞ்சது தோல் இல்லை. தோலுக்கு மேல பூசின சாயம். தோல் கெட்டியாத்தான் இருக்கு. நீங்க தேச்ச எண்ணெயை எடுக்கிறதுதான் இப்போ பெரிய வேலை” என்றார்.

அந்த ஒரு சொல்லில் இக்கட்டுரையின் சாரம் முழுவதும் அடங்கியுள்ளது.

தோல் இருக்கை என்பது யாது?

மாட்டுத்தோலை அழுகாதவாறு காக்கும் கலைக்குப் பதனிடுதல் என்று பெயர். தமிழகத்துக்கு இது புதிய கலையன்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல், கிழக்கிந்தியத் தோல் என்னும் பெயரோடு இங்கிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. பின்னர் குரோமிய உப்பால் பதனிடும் முறை பரவியது. அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பவர் 1884-இல் அம்முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மாதக்கணக்கில் நடந்த வேலையை அது நாட்கணக்கில் சுருக்கியது. சென்னையை அடுத்த குரோம்பேட்டைக்கு அப்பெயரைத் தந்ததும் அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையே. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு ஆகிய ஊர்கள் இத்தொழிலால் பெயர் பெற்றவை. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-இல் சென்னை அடையாற்றில் தொடங்கப்பெற்றது.

பதனிட்ட தோல் அப்படியே காரில் ஏறுவதில்லை. முதலில் அதற்குச் சாயமூட்டுகிறார்கள். அதன்மேல் நிறப்பூச்சைப் படலமாகப் பூசுகிறார்கள். அதற்கும் மேலே, உராய்வைத் தாங்குவதற்காகப் பாலியூரித்தேன் எனப்படும் நிறமற்ற காப்புப் பூச்சு ஒன்றை இடுகிறார்கள். தோலின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். மேலுள்ள பூச்சுகளின் கனமோ எழுதும் தாளைவிடக் குறைவு. நாம் தொடுவதும், அமர்வதும், அழுக்காக்குவதும், துடைப்பதும் அந்த மெல்லிய பூச்சைத்தான்.

ஆகவே, நல்ல நிலையில் உள்ள பூச்சின்மேல் எண்ணெய் தடவினால் அது உள்ளே இறங்காது; மேலே தங்கித் தூசியைப் பிடிக்கும். பூச்சு தேய்ந்த இடத்திலோ, எண்ணெய் நேரே தோலுக்குள் ஊறும், கறுக்கும், பின்னர் அங்கே புதுச்சாயம் பூசினால் பிடிக்காமல் உரிந்துவிடும். நாங்கள் மருந்து என்று நம்பி இட்டது நோயை வளர்த்தது.

சில உயர்ந்த வகைத் தோல்களுக்கு நிறப்பூச்சு இராது. சாயம் மட்டுமே இருக்கும். அவற்றை அனிலின் தோல் என்பர். மறைவான ஓரிடத்தில் ஒரு சொட்டு நீர் விட்டால் வேறுபாடு தெரியும். நீர் முத்தாக நின்றால் பூச்சுள்ள தோல். உறிஞ்சப்பட்டு அவ்விடம் கருமையுற்றால் பூச்சற்றது, அல்லது பூச்சு முற்றிலும் தேய்ந்தது. கீழே நாம் கூறும் செப்பனிடும் முறை பூச்சுள்ள தோலுக்கு மட்டுமே உரியது. கார்களில் பெரும்பாலும் காணப்படுவது அதுவே. அனிலின் தோலைக் கைதேர்ந்தவரிடமே விடுதல் வேண்டும்.

தோலா, ரெக்சினா?

வேலை தொடங்குமுன் இதனை அறிதல் நலம். ரெக்சின் என்பது ஒரு காலத்தில் இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே துணிமேல் பூச்சிட்டுச் செய்யப்பட்ட போலித் தோலின் வணிகப் பெயர். நம் நாட்டில் எல்லாப் போலித் தோலுக்கும் அதுவே பொதுப்பெயராயிற்று. ‘தோல் இருக்கை’ என்று விற்கப்படும் பல வண்டிகளில் முழுவதும் ரெக்சினாகவே இருப்பதுண்டு. வேறு பலவற்றில், உடல் படும் நடுப்பகுதி மட்டும் தோலாகவும் பக்கங்களும் பின்புறமும் ரெக்சினாகவும் இருக்கும்.

இருக்கையின் அடியில் மடித்த ஓரம் ஏதேனும் கண்ணுக்குத் தெரிந்தால் அதன் உட்புறத்தைப் பாருங்கள். நார் நாராக, மென்பஞ்சு போலிருந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் ரெக்சின். கட்டைவிரலால் அழுத்தும்போது சுற்றிலும் நுண்ணிய சுருக்கங்கள் விரிந்தால் பெரும்பாலும் தோல் எனலாம். தீக்குச்சியைக் காட்டிச் சோதிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது வேண்டவே வேண்டாம். ரெக்சினுக்கும் கீழே கூறும் துப்புரவு முறை பொருந்தும். ஆனால் அது வெடித்துப் படலம் படலமாக உரியத் தொடங்கிவிட்டால், பூசி நிலைநிறுத்துவது அரிது.

தேய்வு எவ்வாறு வருகிறது?

நம் நாட்டில் ஓட்டுநர் அமர்வது வலப்புறம். ஏறும்போதும் இறங்கும்போதும் அவருடைய உடல் உரசிச் செல்வது இருக்கையின் வலப்புற விளிம்பை. கால்சட்டையின் தையலும், பித்தளைக் குமிழும், பைக்குள் இருக்கும் சாவியும் நாளடைவில் அவ்விடத்துப் பூச்சைத் தேய்த்துவிடுகின்றன. அடுத்தது வியர்வை. அதிலுள்ள உப்பும் உடலின் எண்ணெய்ப்பசையும் பூச்சை மெல்ல மெல்ல இளக்குகின்றன. தலை சாய்க்கும் பகுதிக்குத் தலை எண்ணெயும், ஈரம் காயாத மல்லிகைச் சரமும் பகை. புது நீல ஜீன்சின் சாயம் வெளிர்நிறத் தோலில் ஏறிக்கொள்ளும்.

யாவற்றினும் பொதுவான காரணம் ஒன்று உண்டு. அது வெறும் தூசி. துணியிலும் தோலின் சுருக்கங்களிலும் படிந்த நுண்மணல், நாம் அமர்ந்து அசையும்போதெல்லாம் உப்புத்தாள் போலப் பூச்சைத் தேய்க்கிறது. ஆகவே இருக்கையைக் காக்கும் முதல் மருந்து, தவறாத துப்புரவே.

துப்புரவு செய்யும் முறை

வண்டியை நிழலில் நிறுத்துக. வெயிலில் சூடேறிய தோலில் வேலை செய்தால் திரவம் உடனே உலர்ந்து திட்டுத்திட்டாகும்.

1. தூசியை அகற்றுதல்: உறிஞ்சும் கருவி இருந்தால் அதன் மென்தூரிகை முனையால், இல்லையேல் காய்ந்த மென்துணியாலும் பழைய வண்ணத் தூரிகையாலும், தையல் இடுக்குகளில் உள்ள மணலை முதலில் எடுத்துவிட வேண்டும். மணலோடு ஈரத்துணியைத் தேய்த்தால் புதுச் சிராய்ப்பு உண்டாகும்.

2. நுரையால் துடைத்தல்: தோலுக்கென்று விற்கும் மென்மையான சுத்திகரிப்புத் திரவம் சிறந்தது. அது கிடைக்காவிடில், ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் குழந்தைகளுக்கான ஷாம்பு சில துளிகள் போதும். திரவத்தை இருக்கையின்மேல் ஊற்றலாகாது. ஸ்பாஞ்சில் எடுத்து, நன்றாகப் பிழிந்து, நுரையை மட்டும் பயன்படுத்துக. சுருக்கங்களில் உள்ள அழுக்குக்கு, மிக மென்மையான பல்துலக்கியால் அழுத்தாமல் வட்டமாகத் தேய்க்கலாம்.

3. எடுத்துவிடுதல்: இளகிய அழுக்கு மறுபடியும் காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். ஒரே நேரத்தில் முழு இருக்கையையும் நனைக்காமல், ஒவ்வொரு தையல் கட்டமாகச் செய்வது முறை.

4. உலர்த்துதல்: கதவுகளைத் திறந்து வைத்துக் காற்றில் உலர விடுக. நேர் வெயில் ஆகாது.

துளைகள் இட்ட தோலாயின் மிகக் குறைந்த ஈரமே தகும். துளை வழியே இறங்கிய நீர் உள்ளிருக்கும் மெத்தையில் தங்கிவிடும். மழைக்காலத்தில் வெண்பூஞ்சை பிடித்தால், வினிகரும் நீரும் சம அளவில் கலந்து, துணியில் தொட்டுத் துடைத்து, பின்னர் வெறும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காற்றாட விட வேண்டும்.

மாதம் ஒருமுறை இவ்வாறு செய்தால், தேய்வில் பெரும்பகுதி வாராமலே தடுக்கப்படும். தோலுக்கான மென்களிம்பு என்று கடைகளில் விற்பவற்றை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, மிக மெல்லியதாகத் தடவலாம், தவறில்லை. ஆயினும் பூச்சுள்ள தோலில் அதனால் விளையும் நன்மை சிறிதே. துப்புரவுக்கு அது ஈடாகாது.

செய்யத் தகாதவை

பதனிட்ட தோல் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது. துணி துவைக்கும் சோப்பும், சமையல் சோடாவும் காரத்தன்மை உடையவை. கண்ணாடி துடைக்கும் அமோனியாத் திரவமும் அத்தகையதே. இவை அழுக்கை எடுப்பது போலத் தோன்றும். நாளடைவில் பூச்சையும் தோலையும் கெடுக்கும். பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் ஆகியவை பூச்சையே கரைத்துவிடும். பேனா மையை எடுக்க ஸ்பிரிட்டைத் தேய்ப்பவர்கள், மையோடு இருக்கையின் நிறத்தையும் எடுத்துவிட்டுத் திகைப்பதுண்டு. செருப்புக்குப் போடும் பாலீஷ் இருக்கையில் நிற்காது. அமர்பவரின் உடையில் ஏறிவிடும். தேங்காய் எண்ணெயைப் பற்றி இனி நாம் சொல்ல வேண்டியதில்லை.

சிராய்ப்பைச் செப்பனிடுதல்

நன்றாகத் துப்புரவு செய்து உலர்ந்தபின், வெளிச்சத்தில் சிராய்ப்பை உற்று நோக்குக. பாதிச் சிராய்ப்புகள் அழுக்கோடு மறைந்திருக்கும். அவை செருப்புத் தடமும் துணிச்சாயமுமே. எஞ்சியவற்றில், நிறம் மட்டும் போய்த் தோல் வழவழப்பாக இருந்தால் வீட்டிலேயே செப்பனிடலாம்.

தேவையானவை: தோலுக்கென்று செய்யப்பட்ட, நீரில் கரையும் நிறப்பூச்சு, அதே வகையில் நிறமற்ற காப்புப் பூச்சு, 600-ஆம் எண்ணும் 1000-ஆம் எண்ணும் கொண்ட உப்புத்தாள், சிறு ஸ்பாஞ்சுத் துண்டுகள், கொஞ்சம் ஸ்பிரிட்.

முதலில், சிராய்ந்த இடத்தை மட்டும் ஸ்பிரிட் தொட்ட துணியால் இலேசாக ஒருமுறை துடைத்து எண்ணெய்ப்பசையை நீக்குக. மற்ற இடங்களில் அது விலக்க வேண்டிய பொருள். இங்கே மட்டும் அதற்கு வேலை உண்டு. பிறகு 600 உப்புத்தாளால் சொரசொரப்பான ஓரங்களையும், 1000 உப்புத்தாளால் சுற்றுப்புறத்தையும் மிக மென்மையாகத் தேய்த்து, பொடியைத் துடைத்துவிடுக.

நிறத்தைப் பொருத்துவதே கடினமான பகுதி. தேய்வில்லாத, தூய்மையான இடத்தோடு ஒப்பிட்டே நிறத்தைத் தேர்தல் வேண்டும். இல்லையேல் அழுக்கின் நிறத்தையே வாங்கிவந்துவிடுவோம். ஈரத்தில் தோன்றும் நிறமும் உலர்ந்தபின் தோன்றும் நிறமும் வேறு. மறைவான ஓரத்தில் ஒரு பொட்டு இட்டு, உலரவிட்டுப் பார்த்த பின்னரே முகப்பில் கை வைக்க வேண்டும்.

ஸ்பாஞ்சில் சிறிதளவு தொட்டு, இழுக்காமல் ஒற்றி ஒற்றிப் பூசுக. முதற்பூச்சு திருப்தி தராது. அடியில் உள்ளது தெரியத்தான் செய்யும். மனந்தளர்ந்து கெட்டியாகப் பூசிவிடலாகாது. கெட்டியான பூச்சு, அமர்ந்து எழும்போது வெடிக்கும். மெல்லிய பூச்சுகளாக மூன்று முதல் ஐந்து வரை, ஒவ்வொன்றும் நன்றாக உலர்ந்தபின் அடுத்ததை இட வேண்டும். முடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் காட்டலாம். இறுதியாக, பழைய இருக்கையின் மங்கலான பளபளப்புக்கு ஒத்த காப்புப் பூச்சை இரண்டு முறை இடுக. ஒரு நாள் முழுவதும் யாரும் அமராதிருத்தல் நலம். சில நாட்கள் நீர்படாமலும் காக்க வேண்டும்.

நுண்ணிய வெடிப்புகள் இருந்தால், நிறம் பூசுமுன் தோலுக்குரிய வளையும் தன்மையுள்ள நிரப்புக் களிம்பை மெல்லியதாக இட்டு, உலர்ந்தபின் உப்புத்தாளால் சமன் செய்ய வேண்டும். சிறிய கிழிசலுக்கு, உள்ளே துணித்துண்டு ஒன்றைச் செருகி, வளைந்துகொடுக்கும் பசையால் ஒட்டி, அதன்மேல் நிரப்பலாம். நொடியில் ஒட்டும் பசை ஆகாது. அது கண்ணாடி போல இறுகி, ஓரத்தில் புதுக் கிழிசலை உண்டாக்கும். தோலே நைந்து, தொட்டால் உதிரும் நிலையை அடைந்திருந்தால், அந்தக் கட்டத்தை மட்டும் மாற்றித் தைப்பதே வழி.

கை வைக்கக் கூடாத இடம்

இதுவரை சொன்னவை அழகுக்கும் சிக்கனத்துக்கும் உரியவை. இனிச் சொல்வது உயிருக்கு உரியது.

அப்பெரியவர் எங்கள் வண்டியின் முன் இருக்கையின் ஓரத்தில் தொங்கிய சிறு துணிச்சீட்டைக் காட்டி, “இதைப் பார்த்தீங்களா சார்? உறை போட்டிருந்தா இது மூடிப் போயிருக்கும்” என்றார். அதில் ‘எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்’ என்று அச்சிட்டிருந்தது.

இக்காலத்துக் கார்கள் பலவற்றில், பக்கவாட்டு மோதலின்போது காக்கும் காற்றுப்பை முன் இருக்கைகளின் முதுகுப் பகுதியில், கதவை ஒட்டிய ஓரத்தில் மடித்து வைக்கப்பட்டுள்ளது. மோதிய கணத்தில் அது அந்த ஓரத்தைப் பிளந்துகொண்டு விரிய வேண்டும். அதற்கென்றே பல வண்டிகளில் அங்குள்ள தையல் அறுந்து வழிவிடும்படி அமைந்துள்ளது. அதன்மேல் தடித்த உறையை இறுக மாட்டினாலும், வலுவான நூலால் மறுபடி தைத்தாலும், பசையிட்டு ஒட்டினாலும், காற்றுப்பை காலத்தில் விரியாமற் போகலாம். எனவே அந்தச் சீட்டு உள்ள இருக்கையில், ஓரத் தையலைத் தொடவே கூடாது. பிரிந்திருந்தால் வண்டி நிறுவனத்தின் பணிமனைக்கே கொண்டு செல்ல வேண்டும். உறை வேண்டும் என்பவர்கள், காற்றுப்பைக்கு இடம் விட்டு அந்த வண்டிக்கென்றே செய்யப்பட்டதா என்று உறுதி செய்துகொள்ளட்டும்.

எங்கள் தாயார் அமர்வது முன் இருக்கையில்தான். கையில் பணம் இருந்திருந்தால் அன்றே உறையை மாட்டியிருப்போம் என்று நினைக்கும்போது இன்றும் நெஞ்சம் திடுக்குறுகிறது.

முடிவாக

நாங்கள் ஊட்டிய எண்ணெயை நுரையால் மீண்டும் மீண்டும் துடைத்து எடுக்க இரண்டு நாட்கள் ஆயின. பெரியவர் சொல்லச் சொல்ல விளிம்பை நாங்களே பூசினோம். கூர்ந்து பார்ப்பவருக்கு இன்னும் அந்த இடம் தெரியும். இருந்தாலும் என்ன? தோல் காக்கப்பட்டது.

ஒரு தோலைப் பதனிட எவ்வளவு நீரும் எத்தனை இரசாயனமும் செலவாகின்றன என்பதைப் பாலாற்றங்கரை மக்கள் அறிவர். தோற்சாலைக் கழிவால் அங்கே நீரும் நிலமும் கெட்ட செய்தி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1996-இல் அது வழங்கிய தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்று விதித்தது. அவ்வளவு விலை கொடுத்து உருவான பொருளை, மேற்பூச்சு தேய்ந்தது என்பதற்காகக் குப்பையில் எறிவது தகுமா? அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பர். மெல்லிய பூச்சின்மேல் மெல்லிய பூச்சாக, பழைய இருக்கையும் புத்துயிர் பெறும்.

அடுத்த மாதம் எங்கள் தாயார் அதே வெள்ளைச் சேலையைத் துவைத்து உடுத்தி வந்தார். மருத்துவமனை வாயிலில் இறங்கியதும், கையைப் பின்னே கொண்டுசென்று சேலையை ஒருமுறை தடவி, விரல்களைப் பார்த்தார். பிறகு உள்ளே சென்று, வரிசையில் இருந்த முதல் நாற்காலியில் அமர்ந்தார்.